மருமகளாக இருந்ததை மறந்துவிட்ட மாமியார்களுக்கு

அமெரிக்கக் கல்லூரிகளில் பாடம் நடத்தும் தமிழ்ப் பேராசிரியர்களுக்கும் உதவி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். போன செமஸ்டரில் ஒரு கொரிய மாணவி, வேறொரு வகுப்பில் திருத்தி வாங்கிய கட்டுரையை என்னிடம் கொண்டுவந்தாள். நான்கு பக்கம். 'தி' விட்டுப்போன இடம், 'எ' வேண்டாமல் வந்த இடம் எல்லாவற்றிலும் சிவப்பு வட்டம். தாளுக்கு அம்மை போட்டதுபோல் இருந்தது. மூன்றாம் பக்கத்தில், பாட்டியின் மீன் கடையை வைத்துச் சிறு வியாபாரக் கடனைப் பற்றி அவள் ஒரு கேள்வி எழுப்பியிருந்தாள். நல்ல கேள்வி. அதன் ஓரத்தில் ஒரு சொல்கூட இல்லை. திருத்தியவர் நம்மூர்க்காரர். இந்த மடலைத் தமிழில் எழுதுவது அதனால்தான்.

ஆங்கிலத்தில் 'தி', 'எ' என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ஆர்ட்டிகிள் கொரிய மொழியில் கிடையாது. சீனத்திலும் ரஷ்ய மொழியிலும் இல்லை. தமிழில் மட்டும் இருக்கிறதா என்ன? "கடைக்குப் போனேன்" என்றால் எந்தக் கடை என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். இத்தனை வருடம் இங்கே குப்பை கொட்டிய பிறகும், மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன் ஒரு 'தி'யைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும்தானே? ஆனாலும் அந்த ஆற்றை நீந்திக் கடந்த நாம்தான் கரையில் நின்று அதிகம் அதட்டுகிறோம்.

ஆர்ட்டிகிள் ஒரு செமஸ்டரில் வந்துவிடாது. படிக்கப் படிக்க வருடக்கணக்கில் படிவது. முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள். அடுத்த வாசிப்பில் பொருள் குழம்பும் இடத்தைக் குறியுங்கள். திரும்பத் திரும்ப வரும் ஏதாவது ஒரு பிழையை எடுத்து விளக்குங்கள். இந்தக் கட்டுரைக்கு அது போதும்.

கட்டுரை எழுத உதவும் கல்லூரி மையத்தைச் சொல்லி, "ரைட்டிங் சென்டருக்குப் போ" என்று அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். பல மையங்களில் இலக்கணம் திருத்தித் தருவதில்லை என்பது கொள்கை. மாணவரே திருத்தப் பழக வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். உரக்க வாசித்துப் பார், காதுக்கு இடறும் இடத்தை மாற்று என்பார்கள். ஆங்கிலத்தைக் காதால் கேட்டு வளராமல் கண்ணால் கற்றவளுக்கு எங்கே இடறும்?

இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று சொல்லும் கருவிகளை நம்மில் பலர் நீதிபதி ஆக்கிவிட்டோம். 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை இப்படிப்பட்ட ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதியவற்றில் சராசரியாக 61 சதவீதத்தை அவை இயந்திரம் எழுதியது என்றன. 89 கட்டுரைகள் ஏதாவது ஒரு கருவியிடமாவது மாட்டிக்கொண்டன. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளோ ஏறக்குறைய முழுவதும் தப்பித்தன. அடுத்து வரும் சொல் எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருந்தால் கருவி சந்தேகப்படும். குறைந்த சொற்களை வைத்துக்கொண்டு, தெரிந்த வாக்கிய அமைப்பிலேயே பத்திரமாக எழுதுகிறவர்கள் யார்? நம் மாணவர்கள்தான். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே இப்படிக் கண்டுபிடிக்கும் தன் கருவியை அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திக்கொண்டது, துல்லியம் போதவில்லையாம்.

உள்ளூர் மாணவருக்கு இந்தக் குற்றச்சாட்டால் மதிப்பெண் போகும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர் முழுநேர மாணவராகவே இருந்தாக வேண்டும்; ஒரு செமஸ்டர் இடைநீக்கம் செய்தால் நாட்டில் இருக்கும் உரிமையே ஆட்டம் காணும். அந்தப் பயத்தில் செய்யாததையும் ஒப்புக்கொள்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் கூப்பிட்டு உட்கார வையுங்கள். முதல் வரைவைக் காட்டச் சொல்லுங்கள், எழுதியதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அந்தக் கொரிய மாணவியிடம், கடை இப்போது யார் கையில் என்று சும்மா கேட்டேன். அரை மணி நேரம் பேசினாள், ஆர்ட்டிகிள் இல்லாமல்.

அடுத்த செமஸ்டருக்கான பாடத்திட்டத்தை இப்போது தயார் செய்துகொண்டிருப்பீர்கள். கருவியின் முடிவே இறுதியானது என்று அதில் ஒரு வரி இருந்தால், அதை எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்