காஞ்சிக்கு ஒரே ஒரு நாள்

அன்புள்ள மணி,

பதில் போடாததற்கு நேரில் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம்.

இப்போது எழுத வைத்தது உன் விருந்தாளிகளுக்காக நீ போட்டிருக்கும் பட்டியல்தான். ஒரே நாளில் 11 கோயில், 2 பட்டுக்கடை! தனிக் கார், தனி வழிகாட்டி என்று செலவு செய்வது வாசல் வாசலாகச் செருப்பைக் கழற்றி மாட்டவா? பரந்தாமன் யோசனை என்று பார்த்ததுமே தெரிந்தது. மூன்று கோயில் போதுமடா.

பெரும்பாலான கோயில்களில் பகல் 12 மணிவாக்கில் நடை சாத்தினால் மறுபடி 4 மணிக்குத்தான். சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர், வழியெல்லாம் லாரி. 6 மணிக்கே கிளம்பிவிடு.

முதலில் கைலாசநாதர். பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது, 700ஆம் ஆண்டை ஒட்டி. அடியில் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் பொரிந்து உதிரும் என்பதால் பிற்காலத்தில் சுதை, அதாவது சுண்ணாம்புச் சாந்து, பூசிவிட்டார்கள். வழிகாட்டி பல்லவர் கைவண்ணம் என்று காட்டுவதில் சில முகங்கள் சுதைக்காரருடையவை. பூச்சு உரிந்த இடங்களைத் தேடிப் பார்க்கச் சொல். திருச்சுற்றில் 58 சிற்றாலயங்கள். சிலவற்றில் பழைய ஓவியம் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கருவறையில் 16 பட்டை லிங்கம். அதைச் சுற்றும் பாதையில் தவழ்ந்து நுழைந்து தவழ்ந்துதான் வெளியே வர வேண்டும். மூச்சுத் தொல்லை, மூட்டுவலி இருப்பவர்களை அனுப்பாதே.

முன்மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. அதை விட்டுவிட்டு வந்தால் உன்னோடு பேசமாட்டேன். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியத் தலைநகரான வாதாபியைப் பிடித்து ஏறக்குறைய நூறாண்டு கழித்துச் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்று உள்ளே வருகிறான். பழிதீர்க்க எல்லா நியாயமும் உண்டு. இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்தவன், அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்து, தன் மொழியில் வெட்டிவைத்துவிட்டுப் போனான். என்ன மனசு அது!

அந்தச் சூட்டோடு வைகுண்டப் பெருமாளுக்குப் போ. கட்டியவன் இரண்டாம் நந்திவர்மன், அதே விக்கிரமாதித்தனிடம் தோற்றவன். சுற்றுச் சுவர் முழுக்கப் பல்லவ வம்சத்தின் கதை, பட்டாபிஷேகமும் போருமாக. சிறுவனாக வந்து அரியணை ஏறிய அவன் கதையும் அதில் வருகிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும்; நடுவில் பட்டுக்கடையைச் செருகினால் போச்சு.

நடை சாத்திய நேரத்துக்கு நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் தறி. உடலையும் கரையையும் தனி நூலால் நெய்து கோக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை). ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். உடலும் கரையும் சேரும் இடத்தில் பல் பல்லாக ஒரு கோடு ஓடும். ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். ஓட்டுநர் "தெரிஞ்ச கடை" என்றால் அது கமிஷன் கடை.

சாயங்காலம் வரதராஜர்: நூற்றுக்கால் மண்டபம், கல்சங்கிலி. கோயில் இட்லி கிடைத்தால் விடாதே. மிளகும் சுக்கும் தூக்கலாக இருக்கும், வெள்ளைக்காரர்களிடம் முன்பே சொல்லிவை. வெயிலில் கல் சுடும், ஆளுக்கொரு ஜோடி காலுறை.

எத்தனை பேர், எந்தத் தேதி என்று எழுது. தறிக்காரரிடம் முன்னாலேயே சொல்ல வேண்டும். தறியில் பாவு (நீளவாட்டு நூல்) ஏற்றுகிற நாளில் போனால் நெசவு பார்க்க முடியாது.

உன்,
ரகு