லைப்சிக்கில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளே,

உன் வீட்டுக்கார அம்மா கிழக்கு ஜெர்மனிக் காலத்திலிருந்தே அதே தெருவில் இருப்பவர் என்று சொன்னாய். அவரிடம் பழைய கதை கேட்பதற்கு முன் சில படங்களைப் பார்த்துவிடு.

எல்லோரும் முதலில் 'தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்' (2006) என்பார்கள். நாடக ஆசிரியர் ஒருவரின் வீட்டை ஒட்டுக்கேட்கும் ஸ்டாஸி (கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ்) அதிகாரி, மனம் மாறி அவரைக் காப்பாற்றுவார். அதிகாரியாக நடித்த உல்ரிச் மூஹே உன் ஊருக்குப் பக்கத்தில் கிரிம்மாவில் பிறந்தவர். இளம் வயதில் பெர்லின் சுவரில் காவல் நின்றவர். அந்த முகத்துக்காகவே பார்க்கலாம். ஆனால் ஸ்டாஸி சிறையாக இருந்து இன்று நினைவகமாகியிருக்கும் ஹோஹென்ஷோன்ஹவுசனில் படம் பிடிக்க அதன் அப்போதைய இயக்குநர் அனுமதி தரவில்லை. வேவு பார்த்தவனை நாயகனாக்குவதை அவர் ஏற்கவில்லை. எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஒரு நல்ல காரியத்தில் அத்தனையும் கழுவப்பட்டுவிடுமா?

அதனால் 'குண்டர்மான்' (2018) பார். லவுசிட்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் ராட்சத மண்வாரி ஓட்டிக்கொண்டே பாட்டு எழுதிப் பாடிய கெர்ஹார்ட் குண்டர்மானின் கதை. பொதுவுடைமையை மனதார நம்பியவர். கூட இருந்தவர்களைப் பற்றி ஸ்டாஸிக்குத் தகவல் கொடுத்தார். பிறகு அவரையே ஸ்டாஸி வேவு பார்த்தது. இயக்குநர் ஆந்திரேயாஸ் டிரெசன் கிழக்கில் வளர்ந்தவர். அதனாலோ என்னவோ, அந்த மனிதரைத் திட்டவும் இல்லை, மன்னித்து அனுப்பவும் இல்லை. தான் சொன்னதெல்லாம் நினைவில்லை என்று அவர் தடுமாறும் இடங்களில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம் கிறிஸ்டியான் பெட்சோல்டின் 'பார்பரா' (2012). 1980-இல் நாட்டை விட்டுப் போக விண்ணப்பித்த குற்றத்துக்காக, பெர்லினிலிருந்து ஒரு சிற்றூர் மருத்துவமனைக்குத் தூக்கியடிக்கப்பட்ட டாக்டர். யார் அன்பாகப் பேசினாலும், இவர் உளவாளியோ என்று அவள் தயங்குகிறாள். பயம் எப்படி அன்றாடப் பழக்கமாகிறது என்று இவ்வளவு அமைதியாகக் காட்டிய படம் வேறு நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கார அம்மாவிடம் நீயாகக் கிளறாதே. அவரே ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேள். உன் ஊரிலேயே பழைய ஸ்டாஸி அலுவலகமான 'ருண்டே எக்கே' அருங்காட்சியகமாக இருக்கிறது. ஒரு நாள் போய் வா.

பார்பரா கடைசியில் எடுக்கும் முடிவு சரியா என்று எனக்கும் அம்மாவுக்கும் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. பார்த்துவிட்டு நீ யார் கட்சி என்று எழுது.

அன்புடன்,
அப்பா