மேலுதடு குத்த நகைக்கடைக்கு வராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலுதட்டில் கல் வைத்துக்கொள்ளும் பிள்ளைகளைத் திட்டி உங்கள் பத்திரிகையில் வந்த கடிதத்தை வாசித்தேன். நான் ஹட்டன் டவுனில் காது, மூக்கு குத்துகிற நகை ஆசாரி. கலாசாரம் கெட்டுப்போச்சு என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. மேலுதட்டுக்கு மேலே புல்லாக்கு ஆட நடந்தவர்கள்தான் நம் பாட்டிமார். திருவிழாவில் கன்னத்தில் அலகு குத்தி வருகிறவரைக் கும்பிடவும் செய்கிறோம்.

என் கவலை வேறு. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளி லீவில் வந்து, "மாமா, மூக்கு குத்துற மாதிரி இங்கயும் ஒண்ணு குத்திவிடுங்க" என்று மூக்குக்குக் கீழே உள்ள பள்ளத்தைக் காட்டுகிறார்கள். நான் மாட்டேன் என்றால், காது குத்தும் துப்பாக்கி வைத்திருக்கும் ஏதாவது பார்லருக்குப் போகிறார்கள்.

காதுத் தோட்டின் தண்டு குட்டை. உதடு குத்திய முதல் சில நாட்களில் நன்றாக வீங்கும். குட்டைத் தண்டு சதைக்குள் புதைந்துவிடும். அதனால் முதலில் நீளமான தண்டு போட்டு, வீக்கம் வடிந்ததும் குத்தியவரிடமே போய்க் குட்டையாக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அது பல்லில் இடித்துக்கொண்டே இருக்கும். உள்பக்கம் திருகாணி வந்தால் ஈறைத் தேய்க்கும். தேய்ந்து இறங்கிய ஈறு தானாகத் திரும்ப வளராது. உள்பக்கம் தட்டையான வட்டம் வைத்த ஆணி இதற்கென்றே இருக்கிறது. துப்பாக்கியோ மழுங்கல் தோட்டைச் சதைக்குள் அடித்துத் தள்ளுகிறது. ஊசியையும் நகையையும் கிருமி நீக்க நீராவி அழுத்தத்தில் 121 பாகை செல்சியஸ் சூட்டில் வைப்பார்கள். பார்லர் துப்பாக்கியின் பிளாஸ்டிக் அதைத் தாங்காது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்ததை நம்பி ஹெப்படைட்டிஸ் பி கிருமிக்கு வாசலைத் திறந்துவிடாதீர்கள்.

தங்கம்தான் வேண்டும் என்பவர்களுக்கு என் வியாபாரத்துக்கே எதிராக ஒன்று சொல்கிறேன். 22 கரட் தங்கம் மிருதுவானது, சீக்கிரம் கீறல் விழும், கீறலில் அழுக்குத் தங்கும். மலிவு இமிட்டேஷனில் நிக்கல் கலந்திருக்கலாம். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. புதுப் புண்ணுக்கு, உடம்புக்குள் வைக்கும் தரமான டைட்டேனியம் நல்லது.

குத்திவிட்டு வந்த பிள்ளையை வீட்டில் திட்டினால், அது புண்ணை மப்ளருக்குள் மறைத்துக்கொள்ளும். கம்பளி நூல் ஆணியில் மாட்டி இழுத்தால் என்ன ஆகும்? அதைவிட வெளிப்பக்கத்தை 0.9 வீத உப்புக் கரைசலால் கழுவச் சொல்லுங்கள். சேலைன் என்று பார்மசியில் கேட்டால் தருவார்கள். சாப்பிட்ட பிறகு வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், ஸ்பிரிட் எதுவும் புண்ணில் வேண்டாம். தோட்டைத் தினமும் திருகிவிடு என்று நாங்களே காலங்காலமாகச் சொல்லி வந்தது இதற்கு ஆகவே ஆகாது. கொழுந்து எடுத்த கையோடு தொடக் கூடாது, முதலில் சோப்புப் போட வேண்டும். வீக்கம் வடியும் வரை கொதிக்கக் கொதிக்கப் பிளேன்டீ, கொச்சிக்காய்ச் சம்பல், வெற்றிலை எல்லாம் தள்ளியிருக்கட்டும். நம் குளிரில் சூடான பிளேன்டீயை விடுவது கஷ்டம்தான்! ஆற வைத்துக் குடிக்கலாம். புண் முழுதாக ஆற இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

வெள்ளையாகக் கொஞ்சம் நீர் கசிவது வழமை. சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ ஆணியை நீங்களே கழற்ற வேண்டாம். துளை மூடிச் சீழ் உள்ளேயே தங்கிவிடலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மேலுதட்டு இரத்தக் குழாய்களுக்கு மூளைப் பக்கம் தொடர்பு உண்டு. அபூர்வமாகத்தான் கிருமி அந்த வழியில் ஏறும், ஏறினால் உயிருக்கே ஆபத்து.

ஹோட்டல் சமையலறையைப் பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், குத்துகிற இடங்களின் ஊசியையும் பார்க்க வேண்டும். என் கடையிலிருந்தே ஆரம்பிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
நகை ஆசாரி ஒருவர்,
ஹட்டன்.