மெடிக்கல் காலேஜ் ரோட்டிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். முட்டிவலி இப்போது பரவாயில்லை.

போன வாரம் போனில், "பெரிய கோயிலை விட்டால் தஞ்சாவூரில் என்னம்மா இருக்கிறது, வீட்டை விற்றுவிட்டு வா" என்றாய். அப்போது எனக்குப் பேச வரவில்லை. மனசு ஆறாமல் இதை எழுதுகிறேன்.

சோழர், நாயக்கர், மராட்டியர் என்று அரண்மனையை நம்பியே வாழ்ந்த ஊர் இது. 1855-இல் கடைசி மராட்டிய ராஜா சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ராஜ்யத்தை எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் நமக்குத் தலைநகர் என்ற பேர் மட்டும்தான் மிச்சம்.

1959-இல் மருத்துவக் கல்லூரி வந்தது. அதுவரை ஊர் என்றால் நாலு வீதியும், கரந்தையும், மானம்புச்சாவடியும்தான், இந்தப் பக்கம் வெறும் பொட்டல் என்று உன் தாத்தா சொல்வார். கல்லூரி வந்த பிறகுதான் வீடு, மருந்துக்கடை, டவுன் பஸ் எல்லாம் இந்தப் பக்கம் வந்தன. நம் மெஸ்ஸும் அப்படி வந்ததுதானே? விடியற்காலை நாலு மணிக்கு நானும் அப்பாவும் இட்லி ஊற்றியது அந்தப் பிள்ளைகளுக்காகத்தான். உன் ஸ்கூல் பீஸ் அந்தக் கல்லாவிலிருந்துதான் போனது.

இன்னொன்று நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கும். மராட்டிய ராஜா சரபோஜி கண்நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்து, ஒவ்வொருவர் கண்ணையும் படமாக வரைந்து குறிப்பு எழுதி வைக்கச் சொன்னார். அவை இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அந்த ஊருக்கு மருத்துவக் கல்லூரி பொருத்தம்தானே! மகாலில் சுவடி சேர்த்துவைத்த ஊருக்கு, ஓலைச்சுவடிக்கென்றே ஒரு துறையோடு 1981-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்ததும் அப்படித்தான்.

ஒரே வருத்தம், பழைய ஊர் மேலவீதிக்காரர்களில் பாதிப்பேர் பல்கலைக்கழக வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார்கள். அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கும் வீதிகளின் பெயர் தெரிவதில்லை. இரண்டு பேரும் கொஞ்சம் பழகினால் ஊருக்கு எவ்வளவோ நல்லது.

மாடி அறையைத் திருவாரூர்ப் பெண் ஒருத்திக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். முதல் வருஷம் எம்பிபிஎஸ். ராத்திரி ஒரு மணி வரை விளக்கு எரிகிறது. பால் காய்ச்சி மேலே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவள் படித்து முடிக்கிறவரைக்குமாவது வீட்டை விற்கிற பேச்சை எடுக்காதே, கண்ணு.

பொங்கலுக்கு நாலு நாள் லீவு போட்டு வா.

அன்புடன்,
அம்மா