கிறிஸ்மஸ் விடுமுறைக்கு நான்கு கார்ட்டூன் படங்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் முதல் வாரத்தில் நட்சத்திரமும் குடில் சாமான்களும் வாங்க வருகிறவர்களுக்கு வருடா வருடம் ஒரு துண்டுத்தாள் கொடுப்போம். விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க நல்ல கார்ட்டூன் படங்களின் பெயர்கள் அதில் இருக்கும். இந்த வருடம் வெறும் பெயர்கள் போதாது என்று தோன்றியது. அதனால்தான் இந்த மடல்.

போன ஜனவரியில் ஒரு அம்மா தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். "நீங்க எழுதிக் கொடுத்த படத்தைத்தான் போட்டேன் அண்ணாச்சி. கிறிஸ்மஸ் ராத்திரி பிள்ளை அழுதுகிட்டே தூங்குனான்" என்றார். அவர் கேட்டது நியாயம். அந்தப் படம் எப்படி முடியும் என்று நாங்கள் ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டதற்கு மன்னிக்கவும். இப்போது எழுதுகிறோம்.

படத்தின் பெயர் 'தி ஸ்னோமேன்'. ரேமண்ட் பிரிக்ஸ் 1978-இல் வெளியிட்ட, வசனமே இல்லாத படப்புத்தகத்திலிருந்து எடுத்தது. இயக்கியவர் டயான் ஜாக்சன். 1982 டிசம்பர் 26 அன்று பிரிட்டனின் சேனல் 4-இல் முதன்முதலாக ஒளிபரப்பானது. அந்தச் சேனல் தொடங்கி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஓடுவது 26 நிமிடம். தொடக்கத்தில் ஒருவர் சில வரிகள் பேசுவார், நடுவில் ஒரு பாட்டு வரும், மற்றபடி பேச்சே கிடையாது. ஆங்கிலம் தெரியாத ஆச்சியும் மூன்று வயதுப் பேரனும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஒரு சிறுவன் பகலெல்லாம் பாடுபட்டு ஒரு பனிமனிதனைச் செய்கிறான். நடுராத்திரியில் அதற்கு உயிர் வந்துவிடுகிறது. தூங்கும் அப்பா அம்மாவை எழுப்பாமல் வீட்டை ஒவ்வொரு அறையாகச் சுற்றிக் காட்டுகிறான். நெருப்பைப் பார்த்துப் பயப்படுகிற பனிமனிதன், பெரிய ஃப்ரீசரைக் கண்டதும் அதற்குள் போய்ச் சுகமாகப் படுத்துக்கொள்வதைப் பாருங்கள், எங்கள் வீட்டில் அந்த இடத்துக்கு எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் இருவரும் கைகோத்து வானத்தில் பறக்கிறார்கள். அங்கேதான் அந்தப் பாட்டு. ஆலெட் ஜோன்ஸ் 1985-இல் பாடி வெளியிட்ட பதிவு பெரும் புகழ் பெற்றதால், படத்தில் பாடியதும் அவர்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பாடியது பீட்டர் ஆட்டி, லண்டன் புனித பவுல் பேராலயப் பாடகர் குழுச் சிறுவன்.

வடக்கே பனிமனிதர்களின் விருந்தில் கிறிஸ்மஸ் தாத்தா சிறுவனுக்கு ஒரு ஸ்கார்ஃப் கொடுக்கிறார். விடிகிறது. ஓடி வந்து கதவைத் திறந்தால் தோட்டத்தில் பனிமனிதன் உருகிப்போய், தொப்பியும் கொஞ்சம் பனியும் கிடக்கின்றன. சிறுவன் அங்கியின் பையில் கைவிடுகிறான். ஸ்கார்ஃப் இருக்கிறது. அதை எடுத்துப் பிடித்தபடி மண்டியிட்டு உட்காருகிறான். அத்தோடு படம் முடிந்துவிடும்.

புத்தகத்தில் கிறிஸ்மஸும் இல்லை, தாத்தாவும் இல்லை, ஸ்கார்ஃபும் இல்லை. படத்துக்காகச் சேர்த்தார்கள். ஆனால் பனிமனிதன் உருகுவதை மட்டும் மாற்றவில்லை. பிரிக்ஸ் 1971-இல் ஒரே வருடத்தில் அப்பா அம்மா இருவரையும் இழந்தவர். அந்தக் கடைசிப் பக்கத்தை அவர் அதை அறிந்த கையால்தான் வரைந்திருப்பார் என்று எங்களுக்குப் படுகிறது.

அன்று அந்த அம்மா பேசி முடித்ததும், அதுவரை சும்மா நின்ற பையன் எங்களிடம் கேட்டான்: "அப்போ ஸ்கார்ஃப் எப்படிப் பையில இருந்துச்சு?" ஒரு வாரம் ஆகியும் பிள்ளை அதையே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான். அதனால் இந்தப் படத்தைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கடைசி ஐந்து நிமிடம் சமையலறைக்கு எழுந்து போய்விடாதீர்கள்.

இரண்டாவது 'எ சார்லி பிரவுன் கிறிஸ்மஸ்'. 1965 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் வந்தது. எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது தனக்கு மட்டும் ஏன் மனம் பாரமாக இருக்கிறது என்று ஒரு பையன் கேட்பதிலிருந்து தொடங்குகிறது. எழுதிய சார்லஸ் ஷுல்ஸ், பின்னணியில் சிரிப்புச் சத்தம் போடக் கூடாது என்று உறுதியாக நின்றார். பேசுவதற்குப் பெரும்பாலும் நிஜக் குழந்தைகளையே வைத்தார்கள். வாசிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்துப் பதிவு செய்தார்கள். வின்ஸ் குவரால்டியின் இசை ஜாஸ். சேனல்காரர்களுக்கு முதலில் படம் பிடிக்கவில்லை: மெதுவாகப் போகிறது, ஜாஸ் எதற்கு, பைபிள் எதற்கு என்றார்கள். அன்றிரவு டிவி பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதைத்தான் பார்த்தார்கள்.

அந்தப் பைபிள் பகுதி லூக்கா 2-ஆம் அதிகாரம், 8 முதல் 14 வரை. சண்டே கிளாஸ் போகிற பிள்ளைகளுக்கு மனப்பாடமாகத் தெரிந்ததுதான். லைனஸ் என்ற பையன் மேடை நடுவில் தனியாக நின்று அதைச் சொல்கிறான். எப்போதும் கையைவிட்டு அகலாத அவன் போர்வையைக் கவனியுங்கள். "பயப்படாதிருங்கள்" என்ற வார்த்தை வரும் இடத்தில் அது அவன் கையிலிருந்து நழுவிக் கீழே விழும். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறோம். 'ருடால்ஃப் த ரெட் நோஸ்டு ரெயின்டீர்' 1964-இல் வந்தது. பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி டோக்கியோவில் படம் பிடித்தார்கள். அதில் யாருக்கும் வேண்டாத பொம்மைகள் வாழும் ஒரு தீவு வரும்: சதுரச் சக்கரம் வைத்த ரயில், உடம்பெல்லாம் புள்ளியுள்ள யானை. முதல் ஒளிபரப்பில் அவற்றை யாரும் வந்து கூட்டிப்போகவில்லை. பார்த்தவர்கள் கடிதம் எழுதிக் குறைப்பட்டார்கள். மறுவருடம், தாத்தா வந்து பொம்மைகளை ஏற்றிக்கொண்டு போகும் காட்சியைச் சேர்த்தார்கள். பொம்மை விற்கிற எங்களுக்கு இது மிகவும் பிடித்த செய்தி. கீறல் விழுந்த பொம்மைகளுக்கென்று கடையில் கீழ்த்தட்டு ஒன்று வைத்திருப்பதும் இதைப் படித்த பிறகுதான்.

'ஹவ் த கிரிஞ்ச் ஸ்டோல் கிறிஸ்மஸ்' 1966-இல் சக் ஜோன்ஸ் எடுத்தது. ஊரார் பொருளையெல்லாம் திருடிக்கொண்டு போன கிரிஞ்ச், விடிந்ததும் அழுகைச் சத்தம் வரும் என்று மலைமேல் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். கீழேயிருந்து பாட்டுச் சத்தம் வருகிறது. அந்த நேரம் அவன் முகத்தைப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் முதலில் அவனைப் பார்த்துக் கொஞ்சம் பயப்படலாம், விளக்கை அணைக்காமல் போடுங்கள்.

ஒரே நாளில் நான்கையும் போட்டுவிட வேண்டாம். இரவுக்கு ஒன்று போதும். ஸ்னோமேனைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் பள்ளிக்கூடம் இல்லாத இரவாகப் பார்த்து.

பேப்பர் நட்சத்திரங்கள் வந்துவிட்டன. குடிலுக்கான ஆட்டுக்குட்டிகள் வியாழக்கிழமை வரும். 24-ஆம் தேதி இரவு ஒன்பது மணி வரை கடை திறந்திருக்கும்.

அன்புடன்,
கடையிலிருந்து