மதினி, டி.சி.க்காகச் சங்கிலியை அடகு வைக்காதீர்கள்

அன்புள்ள மதினிக்கு,

நேற்று ராத்திரி நீங்கள் போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. பாக்கி 18,000 ரூபாயைக் கட்டினால்தான் மருமகனுக்கு டி.சி. என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள், சங்கிலியை அடகு வைக்கப்போகிறேன் என்றீர்கள். வைக்காதீர்கள். உங்களைக் கூச்சப்படுத்த இதைப் பொதுவில் எழுதவில்லை. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றிப் பிள்ளையைப் படிக்கவைக்கும் அம்மாக்கள் எத்தனை பேர் இதே கவலையில் இருப்பார்கள்!

உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. சின்னவள் ஆறாம் வகுப்பு படித்தபோது எங்களுக்கும் ஒரு டெர்ம் ஃபீஸ் பாக்கி. ஒருநாள் காம்பஸ் தேடி அவள் ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். புரொட்ராக்டருக்கு அடியில் மூன்று ஃபீஸ் சீட்டுகள், ஒவ்வொன்றும் எட்டாய் மடித்து. பரீட்சை நடக்கும்போது மூன்று நாள் வராந்தாவில் நிற்க வைத்திருக்கிறார்கள். “ஏட்டி, ஏன் சொல்லல?” என்றேன். “சொன்னா நீ அழுவல்லா” என்றாள். பதினொரு வயசுப் பிள்ளை, மதினி!

மறுநாளே கம்மலை அடகு வைத்துக் கட்டினேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பிள்ளை மேல் காட்டுவார்களோ என்ற பயம்தான். கம்மல் போனதுகூடப் பெரிதில்லை. அந்த வருஷம் முழுக்கக் காலையில் பை எடுத்ததும் அவளுக்கு வயிறு வலிக்கும்.

இப்போது தெரிந்தது அப்போது தெரியவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளையை அடிப்பதை மட்டுமல்ல, மனசளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அதே சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு வரைக்கும் டி.சி. வரத் தாமதமாவதைக் காரணம் காட்டி வேறு அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. மருமகன் எட்டுக்குத்தானே போகிறான்? அரசுப் பள்ளியில் தைரியமாகப் போய்க் கேளுங்கள். டி.சி. என்பது ஃபீஸ் வசூலிக்கும் கருவி அல்ல, அதில் பாக்கி என்று எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது.

பாக்கியே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதை வசூலிக்கப் பள்ளிக்கு வேறு சட்ட வழி இருக்கிறது. கொடுக்க வேண்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆனால் அதற்கு முன் ரசீதுகளை எல்லாம் எடுத்து வையுங்கள். தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க அரசுக் குழு இருக்கிறது. அது நிர்ணயித்தது எவ்வளவு, உங்களிடம் வாங்கியது எவ்வளவு என்று உட்கார்ந்து பார்ப்போம். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்த கணக்கையும் தூர எறிந்துவிடாதீர்கள்.

அப்புறம், டி.சி. வேண்டும் என்று எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் கேளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புவோம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கும் போன் பண்ணிச் சொல்லலாம்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். காலையிலேயே பஸ் ஏறி திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்குங்கள், நான் நிற்பேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கொக்கிரகுளம், நடந்தே போய்விடலாம். மனு எழுதி வைத்துவிட்டேன், உங்கள் கையெழுத்துதான் பாக்கி. மருமகனைக் கூட்டி வர வேண்டாம். அவன் இன்னொரு ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டாம்.