ஒரு பக்கத் தாளுக்கு உதவிய எல்லோருக்கும்

கிணற்று நீர் ஆய்வுக்கான சம்மதப் படிவம் ஒருவழியாக அச்சாகி வந்துவிட்டது. தமிழில், ஒரே பக்கம். மருத்துவர்கள், இரசாயனவியலாளர்கள், விவசாய ஆய்வாளர்கள் என மூன்று சங்கத்தாரும் ஒத்துக்கொண்ட தாள் என்பதால் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர்.

முதலில் சங்கச் செயலாளர்களுக்கு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நடந்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு ஒழுக்கக் கோவையோடு வந்தீர்கள். மருத்துவர்களிடம் 1964 இலிருந்து ஹெல்சிங்கி பிரகடனம் இருக்கிறது, மனிதரை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு உலக மருத்துவச் சங்கம் வகுத்த ஒழுக்க விதிகள். ஆளைக் காப்பது பற்றி அதில் நிறைய உண்டு, கிணற்றைப் பற்றி இல்லை. இரசாயனக்காரர் அளவீட்டு நேர்மையை விட்டு அசையவில்லை. ஆனால் எங்கள் வலிகாமப் பகுதியில் வருடம் முழுக்க ஓடும் ஆறில்லையே. சுண்ணக்கல்லுக்குள் ஊறும் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், தோட்டத்து உரமும் அதற்குள்தான் இறங்குகிறது. உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று, குடிநீருக்கான எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் கிணற்றுக்காரருக்கு யார் சொல்வது? மூவரும் சேர்ந்துதான் என்று முடிவெடுக்க இரண்டு பின்னேரம் போனது. சண்டை பிடித்தீர்கள், ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. அதற்கே தனி நன்றி.

மண்டபம் தந்தவர்களுக்கும், கேட்காமலே பிளேன்ரீயும் வடையும் அனுப்பிய அக்காவுக்கும் நன்றி.

அப்புறம் உரும்பிராய் அம்மா. முதல் வரைவை வாசித்துக் காட்டியபோது ‘ஆய்வுக்கு உட்படுத்தப்படுபவர்’ என்ற இடத்தில் மறித்தார். “தம்பி, தண்ணிதானே கேக்கிறியள்? என்னை ஏன் உட்படுத்துறியள்?” 2024 இல் ஹெல்சிங்கி பிரகடனத்தைத் திருத்தியபோதும் இந்தச் சொல்லைத்தான் எடுத்துவிட்டு ‘பங்கேற்பவர்’ என்று வைத்தார்கள். உலக மருத்துவச் சங்கத்துக்கு அறுபது வருடம் பிடித்தது. அம்மாவுக்கு ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்கிற நேரம்.

இன்னொன்றும் சொன்னார். முன்னொருமுறை யாரோ வந்து போத்தலில் அள்ளிக்கொண்டு போனதோடு சரி, முடிவு வரவேயில்லையாம். படிவத்தின் நாலாவது வரி அதனால் வந்தது: கட்டுரை இதழுக்குப் போகுமுன் முடிவு கிணற்றுக்காரர் கைக்கு வர வேண்டும். மேசையில் இருந்த கோவைகளில் இவ்வளவு நேராக எழுதியதை நாங்கள் காணவில்லை.

போத்தல் காவப்போகிற மாணவர்களுக்கு முற்கூட்டியே நன்றி. 1978 இல் வான்கூவரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்களின் வழிவந்த விதிப்படி, மாதிரி அள்ளியதோடு நின்றால் பெயர் கட்டுரையின் கடைசியில் நன்றிப் பகுதியில்தான் வரும். ஆகவே எழுதவும் திருத்தவும் வாருங்கள், கூப்பிடாமல் விட்டால் பிழை எங்களுடையது.

சனிக்கிழமை காலை உரும்பிராயில் தொடங்குகிறோம். அம்மா, முதல் போத்தல் உங்கள் கிணற்றில்தான்.

அன்புடன்,
கூட்டுக் குழுவுக்காக,
யாழ்ப்பாணம்